அந்த வயரைப் பற்றி இண்டைக்கே எழுதுங்க தம்பி

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். கப்பல்ல ஈடிஓ வேலை, அதாவது கப்பல் கரண்ட் வேலையெல்லாம் என்ட பொறுப்பு. போன மாசம் கொன்ட்ராக்ட் முடிஞ்சு வீட்ட வந்திருக்கிறன். இறங்கிறதுக்கு கொஞ்ச நாள் முதல் ஒரு சுவிட்ச்போர்ட் பெனலைத் திறந்து பாத்தன், சில வயருகளில நம்பர் போட்ட லேபல் ஸ்லீவ் நுனி மட்டும் ஏறி நிக்குது, அதால வயர் கிளாம்புக்குள்ள முழுசாப் போகேல்ல, மெல்ல இழுத்தா கையோட வருது. ரெண்டைச் சரியாக்கினன், போனில போட்டோவும் எடுத்தன். மற்றதெல்லாத்தையும் பாக்க நேரம் கேட்டன், சீஃப் எஞ்சினியர் "ஓடுது தானே, சர்வே வரப்போகுது, இப்ப தோண்டாத" எண்டுட்டார். எனக்குப் பிறகு ஏறின ஆளுக்கு குடுத்த ஹேண்டோவர் நோட்டில நான் இதை எழுதேல்ல, பயந்திட்டன். வீட்ட வந்தாப் பிறகுதான் அமெரிக்காவில கப்பல் முட்டி விழுந்த பால்டிமோர் பாலத்து விசாரணை முடிவை வாசிச்சன், அதிலயும் இதே லேபல், இதே வயர். நித்திரை இல்ல அண்ணை. கப்பல் இப்பயும் ஓடிக்கொண்டுதான் இருக்கு. ஏதும் நடந்தா நான் பொறுப்பா? அங்க வயரைப் போட்டவன் தானோ செத்த ஆறு பேரையும் கொன்டது? என்ட மாமா சொல்றார், கப்பலுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, பாலம் உடைஞ்சா அரசாங்கம் கட்டும், நீ வாயத் திறந்து வேலையைக் கெடுக்காத, தங்கச்சியின்ட கலியாணம் வருது எண்டு. நான் என்ன செய்ய?

பதில்: தம்பி, நீங்க கடைசியாக் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்றன். இண்டைக்கு இரவே எழுதுங்க, நாளைக்கு எண்டு வைக்க வேணாம். ஒண்டு இப்ப கப்பல்ல உங்கட இடத்தில நிக்கிற ஈடிஓவுக்கு, வாட்ஸ்அப்பில எண்டாலும் பரவாயில்ல. மற்றது கம்பனியில டிபிஏ எண்டு ஒராள் இருப்பார், கரையில இருந்து கப்பலின்ட பாதுகாப்புக்குப் பொறுப்பானவர், அவற்ற பேரும் நம்பரும் மெஸ் ரூம் சுவரில ஒட்டி இருந்திருக்கும், அவருக்கு ஈமெயில். என்ன எழுதிறது எண்டு கீழ சொல்றன். முதல்ல ஏன் எண்டதைச் சொல்ல வேணும், ஏனெண்டா மாமா சொன்னதை வீட்டில எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பீங்க, நீங்களும் பாதி நம்பிறீங்க, உங்கட கடிதத்தில அது தெரியுது.

நான் 28 வருசம் எஞ்சின் ரூமில இருந்தவன், கடைசிப் பதினொரு வருசம் சீஃபா. இப்ப சேர்வேயரா, அதாவது கப்பலைப் பரிசோதிக்கிற ஆளா, எங்கட துறைமுகத்துக்கு மா ஆலைக்கு கோதுமை கொண்டு வாற கப்பல், சீமெந்துக்கு கிளிங்கர் கொண்டு வாற கப்பல் எல்லாம் ஏறி இறங்கிறன். நீங்க சொன்ன மாதிரி வயரை நான் கண்ணால கண்டிருக்கிறன், நீங்க ஒண்டும் மிகைப்படுத்திச் சொல்லேல்ல.

பால்டிமோரில நடந்ததை வாசிக்கிற மற்றவங்களுக்காக ஒருக்கா சொல்றன். 2024 மார்ச் 26 விடியப்புறம், டாலி எண்ட 300 மீற்றர் நீளக் கொன்டெயினர் கப்பல், சிங்கப்பூர் கொடி, வெளிக்கிட்டது எங்கட கொழும்புக்குத்தான். 21 பேர் ஆக்கள், 20 பேர் இந்தியர், ஒராள் எங்கட நாட்டுக்காரர். துறைமுகத்தால வெளிக்கிட்டு முக்கால் மணித்தியாலத்தில கரண்ட் போச்சு, அந்த நேரம் ஃபிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலத்துக்கு கப்பலின்ட நீளத்தைப் போல மூண்டு மடங்கு தூரம்தான் இருந்தது. மெயின் எஞ்சின் நிண்டிட்டுது, சுக்கான் பம்பு நிண்டிட்டுது, கரண்ட் திரும்பி வந்து மற்றொருக்காப் போச்சு, நங்கூரம் போட்டும் நிக்கேல்ல, போய்ப் பாலத்தின்ட தூணில அடிச்சுது. 1977ல திறந்த பாலம் கண்மூடி முழிக்க முதல் ஆத்துக்குள்ள கிடந்தது. கப்பலுக்கு வழிகாட்ட ஏறின பைலட் உடன தகவல் சொன்னதால பொலிஸ் றோட்டை மறிச்சிட்டாங்க, அதால வாகனத்தில வந்த சனம் தப்பிச்சுது. ஆனா பாலத்துக்கு மேல றோட்டுக் குழி அடைக்க நிண்ட வேலையாக்களும் அவங்கட வேலையைப் பாக்க வந்தவருமா எட்டுப் பேர், அதில ஆறு பேர் செத்தாங்க. மெக்சிகோ, குவாத்தமாலா, ஹொண்டூராஸ், எல் சல்வடோர் எண்டு பிழைப்புக்காக வந்த ஆக்கள், எங்கட பெடியள் கட்டாருக்கும் டுபாய்க்கும் போற மாதிரித்தான். அவங்களுக்கு ஒருத்தரும் போன் எடுத்துச் சொல்லேல்ல, றோட்டை மறிக்கச் சொன்ன அதே நேரத்தில அவங்களுக்கும் சொல்லி இருந்தா ஓடித் தப்பியிருக்கலாம் எண்டு விசாரணையில வந்தது. அதை வாசிச்ச அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்ல.

இனி உங்கட வயர். 2025 நவம்பரில அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு சொன்னது: ஒரு சிக்னல் வயரில லேபல் பிழையாப் போட்டிருந்ததால நுனி ஸ்பிரிங் கிளாம்புக்குள்ள முழுசா இறங்கேல்ல, வெளியால பாத்தா போய் இருக்கிற மாதிரித்தான் தெரியும், உள்ள விளிம்பில தொட்டுக்கொண்டு நிண்டது. கப்பல் அதிர அதிர ஒரு நாள் தொடுப்பு விட்டுது, பிரேக்கர் விழுந்தது, அதோட லோ வோல்டேஜ் பக்கம் முழுக்க இருட்டு. உங்களுக்குத் தெரியும், அந்த வயரின்ட நுனி ஒரு நெல்லு மணி அளவுதான்.

ஆனா தம்பி, அறிக்கை அங்க நிக்கேல்ல, நீங்கதான் அங்க நிண்டிட்டீங்க. முதல்தரம் போன கரண்டை ஆக்கள் ஒரு நிமிசத்துக்குள்ள திருப்பிக் கொண்டு வந்திட்டாங்க, பிறகு ஏன் ரெண்டாந்தரம் போச்சு? ஜெனரேட்டருக்கு எண்ணெய் அனுப்புறதுக்கு எண்டு இருக்கிற சேர்விஸ் பம்பு, கரண்ட் போய் வந்தா தானா ஸ்டார்ட் ஆகும். அதை விட்டிட்டு ஃபிளஷிங் பம்பைப் போட்டு ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறாங்க, அது லைன் கழுவுறதுக்கு இருக்கிற பம்பு, தானா ஸ்டார்ட் ஆகாது, ஒரு மனிசன் போய் அமத்த வேணும். எண்ணெய் போகேல்ல, ஜெனரேட்டர் நிண்டிட்டுது. இது ஒரு ஈடிஓவின்ட கைப்பிழை இல்ல, அந்தக் கப்பல் பழகிப்போன முறை, அதைக் கரையில இருந்து கவனிக்க வேண்டிய கம்பனி சரியாக் கவனிக்கேல்ல எண்டு சபை எழுதி இருக்கு. முதல் நாள் துறைமுகத்தில நிக்கேக்கயே ரெண்டு தரம் கரண்ட் போயிருக்கு, அதுக்குப் பிறகும் கப்பல் வெளிக்கிட்டது.

பாலத்துக்காரரையும் சபை விடேல்ல. அந்தப் பாலம் கட்டேக்க வந்த கப்பல் வேற, இப்ப வாற கப்பல் வேற. 1980ல இதே பாலத்தை ஒரு சின்னக் கொன்டெயினர் கப்பல் முட்டினது, பாலம் நிண்டது, அதை வச்சு எல்லாரும் நிம்மதியா இருந்திட்டாங்க. அதே வருசம் மே மாசம் ஃபுளோரிடாவில சன்ஷைன் ஸ்கைவே பாலத்தைக் கப்பல் அடிச்சு 35 பேர் செத்தாங்க, அதுக்குப் பிறகுதான் தூணைக் கப்பலில இருந்து காக்கிற கணக்கு முறை அமெரிக்காவில வந்தது. அந்தக் கணக்கை கீ பாலத்துக்கு ஒருக்காவும் போட்டுப் பாக்கேல்ல. விபத்துக்குப் பிறகு சபை போட்டுப் பாத்தா, ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவை விட ஏறக்குறைய 30 மடங்கு ஆபத்து. இதே மாதிரி கணக்குப் போடாம இருக்கிற பாலம் 19 மாநிலத்தில 68 எண்டு எழுதி, உடன போட்டுப் பாருங்க எண்டு சொல்லி இருக்கிறாங்க.

அப்ப வயரைப் போட்டவன் கொன்டவனா எண்டா, அப்பிடிச் சொல்லேலாது. அவன் பிழை செஞ்சவன், அது பிழைதான், சின்னப் பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா அந்தப் பிழைக்கும் அந்த ஆறு பேருக்கும் இடையில கனபேர் நிண்டிருக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் மறிக்கிறதுக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. 1987ல பெல்ஜியத்தில ஹெரால்ட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் எண்ட பாதைக்கப்பல் முன் கதவு திறந்தபடியே வெளிக்கிட்டுக் கவிண்டு 193 பேர் செத்தாங்க. கதவு மூட வேண்டிய ஆள் நித்திரை. எல்லாரும் அவனைத்தான் காட்டினாங்க. விசாரிச்சா, கதவு மூடி இருக்கா எண்டு மேல தெரியிற மாதிரி ஒரு லைட் போட்டுத் தாங்க எண்டு கப்டன்மார் முதலே எழுதிக் கேட்டிருக்கிறாங்க, கம்பனி தட்டிக்கழிச்சிட்டுது. நீங்க படிச்ச ஐஎஸ்எம் கோட் எண்ட கப்பல் பாதுகாப்பு விதிமுறை, அந்த டிபிஏ பதவி, மயிரிழையில தப்பினதை எழுதிற நியர் மிஸ் ரிப்போர்ட், எல்லாம் அந்த 193 பேரின்ட பிறகு வந்தது தம்பி. சும்மா பேப்பர் வேலை எண்டு நினைச்சு நிரப்பாதீங்க.

இனி மாமாவின்ட கதைக்கு வாறன், கோபத்தில சொல்லேல்ல, அவர் உங்கட நன்மைக்குத்தான் சொல்றார், ஆனா கணக்குப் பிழை.

கப்பல்காரர் எவ்வளவு கட்டினவங்க? விபத்து நடந்து ஒரு கிழமைக்குள்ள கப்பலின்ட சொந்தக்காரரும் நடத்துற கம்பனியும் கோட்டுக்குப் போய் எங்கட பொறுப்பை 43.7 மில்லியன் டொலரோட நிப்பாட்டுங்க எண்டு கேட்டாங்க. 1851ஆம் ஆண்டுச் சட்டம், பாய்மரக் கப்பல் காலத்தது, அதின்படி விபத்துக்குப் பிறகு கப்பல் என்ன பெறுமதியோ அதோட சரக்குக் கூலியையும் சேத்து அவ்வளவுதான் பொறுப்பு. பிறகு ஆத்தைத் துப்புரவாக்கின செலவுக்கு மத்திய அரசு வழக்குப் போட்டு, 2024 ஒக்டோபரில ஏறக்குறைய 102 மில்லியனுக்கு முடிச்சாங்க. அது பாலத்துக்கு இல்ல, 50,000 தொன் இரும்பையும் கொங்கிறீட்டையும் வெளியால எடுத்ததுக்கு. பாலத்துக்கு மேரிலாண்ட் மாநிலம் போட்டிருந்த இன்சூரன்ஸ் 350 மில்லியன் குடுத்தது. புதுப் பாலத்துக்கு முதல்ல 1.7 இல இருந்து 1.9 பில்லியன் எண்டாங்க, 2028ல முடியும் எண்டாங்க. 2025 நவம்பரில திருத்திச் சொன்ன கணக்கு 4.3 இல இருந்து 5.2 பில்லியன், முடியிறது 2030 கடைசி. சாமான் விலை ஏறினது ஒரு காரணம், தூணைக் காக்கிற வேலை பெருத்தது மற்றக் காரணம், இந்தமுறை கப்பல் போற வழியை விட்டு தூண்களை நல்லாத் தள்ளி வைக்கிறாங்க, முந்தி 56 மீற்றரா இருந்த உயரத்தை 70 மீற்றர் ஆக்கிறாங்க. முழுச் செலவையும் மத்திய அரசு ஏற்கும் எண்டு 2024 டிசம்பரில சட்டம் போட்டாங்க. கப்பல்காரரிட்ட இருந்து கிடைக்கிறது கிடைக்கட்டும், ஆனா கல்லு வாங்க, இரும்பு வாங்க இப்ப போற காசு வரி கட்டுற சனத்தின்ட காசு.

இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகத் தேவையில்ல. எக்ஸ்பிரஸ் பேர்ல் எண்ட கொன்டெயினர் கப்பல் 2021 மேயில எங்கட கடல்ல எரிஞ்சது. நைட்ரிக் அசிட் கசியிற பெட்டி எண்டு கப்பலுக்குத் தெரியும், கட்டார்ல ஹமாட் துறைமுகத்திலயும் இந்தியாவில ஹசிராவிலயும் இறக்கக் கேட்டு ரெண்டு இடத்திலயும் மறுத்து, அந்தப் பெட்டியோடயே கொழும்புக்கு வந்தது. பிறகு கப்பல்காரர் லண்டன் கோட்டில போய்த் தங்கட பொறுப்பை ஏறக்குறைய 19 மில்லியன் பவுணுக்குள்ள மட்டுப்படுத்தி எடுத்தாங்க. எங்கட உயர் நீதிமன்றம் 2025 யூலையில 1 பில்லியன் டொலர் கட்டச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தது, கட்ட மாட்டம் எண்டு கம்பனி சொல்லிற்று. நீர்கொழும்பில வலையை விரிச்சுக் காயப்போட்டுக்கொண்டு தொழிலுக்குப் போகாம இருந்தவன்ட நாளை யார் திருப்பிக் குடுக்கிறது?

காசு வந்தாலும் பாலம் இல்லாத காலம் எண்டு ஒண்டு இருக்குத் தம்பி, மாமாவுக்கு அது நல்லாத் தெரியும், மறந்திட்டார். 2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முந்தி நாங்க எல்லாரும் பாதையிலதான், அதாவது ஆக்களை அக்கரைக்கு ஏத்திற மிதவையிலதான், போய் வந்தனாங்க. இரவில பாதை ஓடாத நேரம் பிரசவ வலியோட பொம்பிளையள் கரையில குந்தி இருந்ததை நான் சின்ன வயசில கண்டிருக்கிறன், தண்ணிக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போற றோட்டு, இந்தப் பக்கம் லாம்பு வெளிச்சம். அதை விடுங்க, 2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணி. பாலம் உடைச்சுப் புதுசாக் கட்டுற வேலை நடக்குது, அதுவரைக்கும் சனம் போக மிதப்புப் பாதை, காலமை பள்ளிக்கூடம் போற பிள்ளையளோட அது கவிண்டது. வெள்ளைச் சட்டையோட பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடினதை கிண்ணியாவில ஒருத்தரும் மறக்க மாட்டாங்க. அங்க பாலத்தைக் கப்பல் அடிக்கேல்ல. ஆனா "திருப்பிக் கட்டலாம் தானே" எண்டு லேசாச் சொல்றதுக்குள்ள அந்தப் பிள்ளையளும் இருக்கு.

ஒஸ்திரேலியாவில ஹோபார்ட் நகரத்தில 1975ல லேக் இல்லவாரா எண்ட கப்பல் தஸ்மான் பாலத்தை அடிச்சது, 12 பேர் செத்தாங்க, கப்பல் இண்டைக்கும் அந்தத் தூணுக்குப் பக்கத்தில தண்ணிக்கு அடியில கிடக்கு. 1977 ஒக்டோபர் வரைக்கும் கிழக்குக் கரைச் சனத்துக்கு வேலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் ஆத்துக்கு மற்றப் பக்கம், ஃபெரிக்கு வரிசையில நிண்டாங்க, இல்லையெண்டா சுத்திப் போனாங்க. பால்டிமோரில ஒரு நாளைக்கு 30,000க்கு மேல வாகனம் போன பாலம், இப்ப எல்லாம் சுத்திப் போகுது, எண்ணெய், காஸ் ஏத்தின லொறி சுரங்கப் பாதையால போகேலாது எண்டதால அதுகளுக்கு இன்னும் தூரம். துறைமுக வாய்க்கால் முழுசாத் திறக்க யூன் 10 ஆச்சு, அதுவரைக்கும் கன துறைமுகத் தொழிலாளியளுக்கு வேலை இல்லாமலோ குறைஞ்சோ இருந்தது.

கப்பல் ஆக்களையும் யோசியுங்க. பாலம் கப்பலின்ட முகத்தில கிடக்க ரெண்டு மாசம் அப்படியே நிண்டாங்க, போனெல்லாம் விசாரணைக்கு எடுத்திட்டாங்க, இரும்பை வெடி வச்சு வெட்டேக்கயும் கப்பலுக்கு உள்ளதான் இருந்தாங்க. அந்தக் கப்பல்ல இருந்த எங்கட ஆளின்ட அம்மா அந்த நாளெல்லாம் என்ன பாடு பட்டிருப்பாவோ. உங்கட பிறகு ஏறின ஈடிஓவுக்கும் ஒரு அம்மா இருப்பா.

என்ட கதை ஒண்டு சொல்ல வேணும், இதை நான் ஒருத்தருக்கும் எழுதினது இல்ல. நான் தேர்ட் எஞ்சினியரா இருந்த ஒரு கப்பல்ல எண்ணெய் பூஸ்டர் பம்பின்ட பிரஷர் சுவிட்ச் ஒண்டு ஒட்டிப்பிடிக்கும். பம்பு மாத்தேக்க ஸ்பனர் பிடியால டக் டக் எண்டு ரெண்டு தட்டு, விட்டிடும். நாலு மாசம் தட்டினன். கை தன்பாட்டில போகும், தட்டிட்டு மற்ற வேலையைப் பாப்பன். இறங்கேக்க ஹேண்டோவரில எழுதேல்ல. பயத்தில இல்ல, எனக்கு அது பிழை எண்டே படேல்ல, பழகிட்டுது. எனக்குப் பிறகு வந்தவனுக்கு தட்டுற கதை தெரியாது. மூண்டாம் கிழமை, ஒடுக்கமான கடல் வழியில, கப்பல் இருட்டு. நங்கூரம் போட்டு நிண்டிட்டாங்க, முட்டேல்ல, ஒருத்தரும் சாகேல்ல. ஆனா இருட்டில ஏணியால ஓடி இறங்கின ஒயிலர், எஞ்சின் ரூம் தொழிலாளி ஒராள், விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு, பிறகு அந்த மனிசன் கப்பலுக்கு வரேல்ல. நான் அந்த நேரம் வீட்ட, கோணேசர் கோயில் திருவிழா பாத்துக்கொண்டு நிண்டன். யாரும் என்னை ஒரு கேள்வி கேக்கேல்ல, எந்தப் பேப்பரிலயும் என்ட பேர் இல்ல. 20 வருசத்துக்கு மேல ஆகுது தம்பி, எங்கயும் ஸ்பனர் தட்டுற சத்தம் கேட்டா அந்த மனிசன்ட ஞாபகம்தான்.

அப்ப நீங்க கேட்ட "நான் பொறுப்பா" எண்டதுக்கு என்ட பதில் இது. வயரை நீங்க போடேல்ல, போட்டது வேற ஆள். முழுதும் பாக்க நேரம் கேட்டீங்க, தரேல்ல, அது சீஃபின்ட பொறுப்பு, அந்தக் கப்பலை அப்பிடி அவசரப்படுத்தி ஓட்டுற கம்பனியின்ட பொறுப்பு. ஆனா ஹேண்டோவரில எழுதாம விட்டது உங்கட பொறுப்பு, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டன். நல்ல காலம், அது இப்பயும் திருத்தக்கூடிய பிழை, கப்பல் மிதந்துகொண்டுதான் இருக்கு.

இன்னொரு விசயம், இதுதான் முக்கியம். கப்பல்காரர் பொறுப்பை மட்டுப்படுத்திறதுக்கு கோட்டில சொல்ல வேண்டிய கதை, இந்தக் குறை எங்களுக்குத் தெரியாது எண்டதுதான். சொந்தக்காரருக்குத் தெரிஞ்சிருந்தது, அல்லது தெரிஞ்சிருக்க வேணும் எண்டு காட்டினா அந்தச் சட்டம் அவரைக் காக்காது. நான் வக்கீல் இல்ல, நுணுக்கம் அவங்களிட்டக் கேளுங்க, ஆனா ஒரு கம்பனி உங்கட ஈமெயிலைக் கண்டவுடன உடன ஆளை அனுப்பி அந்தப் பெனலைப் பாக்கும் எண்டு நான் நம்பிறதுக்கு அதுதான் காரணம். வாயால சீஃபுக்குச் சொன்னது காத்தோட போச்சு. எழுதி அனுப்பினா கரையில ஒருத்தர் அதைத் தெரிஞ்சவர் ஆகிறார், பிறகு அவர் சும்மா இருக்கேலாது.

சரி, எப்படி எழுதிறது. கப்பலின்ட பேர், பெனல் நம்பர், டெர்மினல் நம்பர், நீங்க பாத்த திகதி. என்ன கண்டீங்க எண்டு நேரா, லேபல் ஸ்லீவ் ஃபெரூலுக்கு, அதாவது வயர் நுனியில மாட்டுற சின்ன உலோகக் குழாய்க்கு, மேல ஏறினதால வயர் கிளாம்புக்குள்ள முழுசா இல்ல, இழுத்தா வருது எண்டு. ரெண்டைச் சரியாக்கினது, எந்த ரெண்டு. மற்றதைப் பாக்கேல்ல, அதே ஆக்கள் வயர் போட்ட மற்றப் பெனலுகளிலயும் இருக்கலாம். சீஃபுக்கு இன்ன திகதி வாயால சொன்னனான், அந்த நேரம் வேலை செய்யக் கிடைக்கேல்ல, ஹேண்டோவரில எழுதாம விட்டது என்ட பிழை. போட்டோ ரெண்டும் இணைப்பு. கப்பல் துறையில நிக்கேக்க பெனலை ஓஃப் பண்ணி ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாக்க வேணும், ஓடேக்க தெர்மல் கமெராவாலயும் பாக்கலாம் எண்டு ஒரு வசனம். இவ்வளவும் போதும். சீஃபைத் திட்டி ஒரு சொல்லு வேணாம், டாலியைப் பற்றி ஒரு பந்தி வேணாம், நடந்ததை நடந்தபடி.

பழைய திகதி போட்டு ஹேண்டோவர் நோட்டைத் திருத்தி அனுப்பலாமோ எண்டு ஒரு யோசினை வரும், வந்தே தீரும். செய்யாதீங்க. அமெரிக்காவில எஞ்சினியர்மார் மறியலுக்குப் போன வழக்குகளை எடுத்துப் பாருங்க, கனக்க வழக்கு எண்ணெய்ப் பதிவுப் புத்தகத்தில பொய் எழுதினதுக்காகத்தான். பிழையை எழுதினவனை விட மறைச்சவனைத்தான் நீதிமன்றம் பிடிக்கிறது.

வேலை போகுமோ எண்டு பயப்பிடுறீங்க. சீஃப் மனம் நோகலாம், அடுத்த கொன்ட்ராக்ட் கொஞ்சம் இழுபடலாம், நடக்காது எண்டு உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது. ஆனா பாதுகாப்பு முறைப்பாடு செஞ்சதுக்காக ஒரு கடலோடியைப் பழிவாங்கக் கூடாது எண்டு 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில இருக்கு. அப்பிடி ஏதும் நடந்தா கொழும்பில மேர்ச்சன்ட் ஷிப்பிங் செக்ரட்டேரியட்டுக்கு எழுதலாம், ஐடிஎஃப் எண்ட உலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனக் காரரிட்டயும் போகலாம், அதுக்கும் இந்த ஈமெயிலின்ட கொப்பிதான் உங்களுக்கு ஆதாரம். டிபிஏயிட்ட இருந்து மூண்டு நாளில பதில் வரேல்லையெண்டா திரும்ப எழுதுங்க, அதே ஈமெயிலுக்குக் கீழயே.

தங்கச்சியின்ட கலியாணத்தைப் பற்றி மாமாவோட இருந்து கதையுங்க, இதை அவருக்கு வாசிச்சும் காட்டுங்க. குறிஞ்சாக்கேணியைச் சொன்னா அவருக்கு விளங்கும், திருகோணமலை ஆளுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்ல.

போட்டோ ரெண்டையும் அழிக்காதீங்க, வேற ஒரு போனிலயும் போட்டு வையுங்க. கப்பல்ல நிக்கிற ஈடிஓவுக்கு முதல்ல அனுப்புங்க, அவர் இண்டைக்கு இரவே பெனலைத் திறக்கலாம், கரையில இருந்து பதில் வர முதல்.